பதினொரு மணித் தூக்கம்

பிறந்த குழந்தைக்குப் பகல் எது, இரவு எது என்று தெரியாது. நாம்தான் பொறுமையாகப் பழக்க வேண்டும். பகலில் திரையை விலக்கி வெளிச்சம் காட்ட வேண்டும். இருட்டியதும் விளக்கைத் தணித்து, பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கண் சொக்கும்போதே, முழுக்க உறங்கிப் போகுமுன், மல்லாக்கப் படுக்க வைத்துவிட வேண்டும். பக்கத்தில் தலையணை, பொம்மை எதுவும் கூடாது. இதெல்லாம் ஆஸ்பத்திரியில் கொடுத்த கையேட்டில் இருக்கிறது. முதல் சில வாரங்களுக்கு நேர அட்டவணை எதுவும் வேண்டாம் என்றும் அதில் ஒரு வரி உண்டு. அது சோம்பேறிகளுக்காக எழுதியது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன், ஐயா. மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

நான் பஸ் டெப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று பதினான்கு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மகன் பிறந்ததும் ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். பத்து நாளுக்குள் அவனை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன். பகல் பதினொரு மணிக்குப் படுத்தால் ஒரு மணி வரை தூங்க வேண்டும். அதற்கு முன்னால் விழித்துவிட்டால் மறுபடி படுக்க வைப்பேன். அழுவான். அழுகை தானாக ஓயும். என் மனைவி அடுப்படியில் நின்று காதைப் பொத்திக்கொள்வாள். அவளுக்கு மனத்திடம் கொஞ்சம் குறைவு.

ஒத்தாசைக்கு அவளுடைய அக்கா வந்திருந்தார். நல்ல மனுஷிதான். ஆனால் குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டித் தட்டி, நன்றாக உறங்கிய பிறகுதான் கீழே விடுவார். இரண்டு தடவை எடுத்துச் சொன்னேன்.

"அண்ணி, கண்ணு சொக்கும்போதே படுக்க வெச்சிடணும். தூங்கின பிறகு வெக்காதீங்க."

"போங்க தம்பி. என் பசங்க ரெண்டும் என் தோள்லயே தூங்கி வளர்ந்ததுங்க. அதுங்க என்ன கெட்டா போச்சு?" என்று சிரித்தார்.

அவர் வந்த மூன்றாவது நாள், குழந்தை படுத்திருந்த அறைக்குள் பூனைபோல எட்டிப் பார்த்தார். அவர் கை கதவிடுக்கில் இருந்தது. நான் கதவைச் சாத்தினேன். அறைந்து சாத்தவில்லை, அறைந்தால் குழந்தை விழித்துக்கொள்ளும். மெதுவாக, என் உடம்பு எடை முழுவதையும் கொடுத்துச் சாத்தினேன். எலும்பு முறியும் சத்தம் அப்படியொன்றும் பெரிதாக இல்லை. என் கையால் அவர் வாயைப் பொத்திக்கொண்டு, "சத்தம் போடாதீங்க அண்ணி, புள்ள தூங்குது" என்றேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனதும் நான்தான். விரல் கதவில் நசுங்கிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லை. அன்றைக்கே அவர் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு என் மனைவி என்னிடம் அதிகம் பேசுவதில்லை. வீடு அமைதியாக இருந்தது. கீழ்வீட்டு நாயும் பிள்ளை பிறந்த பத்தொன்பதாம் நாளிலிருந்து குரைக்கவில்லை. இந்த வழக்குக்கு அது வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன்.

மாடி வீட்டில் டைல்ஸ் வேலை நடந்தது. கொத்தனாருக்கு நாற்பது வயது இருக்கும். புருவமெல்லாம் வெள்ளைத் தூசி. முதல் நாள் போய்ச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, இரண்டு நாள் பதினொன்றிலிருந்து ஒன்றுவரை டைல்ஸ் அறுக்கிற மிஷினை நிறுத்தி வைத்தார். அதை நான் மறுக்க மாட்டேன். மூன்றாவது நாள் நிறுத்தவில்லை. படியேறிப் போனேன்.

"சார், நாளைக்குள்ள முடிச்சாகணும். வீட்டுக்காரர் உயிரை எடுக்கிறார். இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கங்க."

"என் பையன் தூங்குற நேரம்."

"சத்தத்துலயே தூங்கிப் பழகட்டும் சார். பின்னாடி எங்க போட்டாலும் தூங்குவான். என் பொண்ணு இந்த மிஷின் பக்கத்துலதான் தூங்குவா."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் குனிந்து மிஷினைப் போட்டார்.

ரப்பர் சுத்தியல்தான் முதலில் என் கையில் அகப்பட்டது. அதைக் கீழே வைத்துவிட்டு இரும்புச் சுத்தியலை எடுத்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று வக்கீல் சொல்லப் பார்ப்பார், அது சரியில்லை. முதல் அடி காதுக்குப் பின்னால். அவர் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினார். அடுத்தது அந்தக் கையில் விழுந்தது. நெற்றியில் மூன்று. மிஷினுக்குக் கீழே இருந்த தண்ணீர்த் தட்டு சிவந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கினேன். அப்போதும் அவர் தொண்டையிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அதுவும் சத்தம்தானே. டைல்ஸ் துடைக்கிற ஸ்பாஞ்சை வாயில் திணித்து, முழங்காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு நிமிஷம் ஆனது. வாட்சைப் பார்த்துக்கொண்டேன்.

கீழே வந்ததும் என் மனைவி சட்டையைப் பார்த்து, "என்னங்க இது?" என்றாள். நேரே போய்க் குழந்தையைத் தூக்கினேன். அவன் வீறிட்டு அழுதான்.

மிஷின் ஓடிய நேரம் முழுக்க அவன் அயர்ந்து தூங்கினான், நான் தூக்கியபோதுதான் விழித்தான் என்று அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். உண்மைதான். மாடிக்குப் போகுமுன் நானே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

"தூங்கிட்டுத்தானே இருந்தான்? அப்புறம் எதுக்குய்யா மேல போனே?" என்று கேட்கிறீர்கள்.

தூங்கினான் என்பதால்தான் போனேன், ஐயா. இருபத்து மூன்று நாள் பிள்ளை அந்த இரைச்சலில் தூங்குகிறான் என்றால், கெட்ட பழக்கம் அவனுக்குத் தொற்றிவிட்டது. அதை அங்கேயே நிறுத்தியாக வேண்டும். அவனைத் தூக்கியதும் அதற்குத்தான். அந்தத் தூக்கத்தைக் கலைத்துவிட்டு, அமைதியில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

ஆமாம், கொத்தனாரைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று மட்டும் தவறாக எழுதியிருக்கிறீர்கள். என் மனைவி இப்போது அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள், கீழே லேத் பட்டறை நாள் முழுக்க ஓடுகிறது, அங்கே குழந்தை நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குகிறான் என்று. அந்த வரியை அடித்துவிடுங்கள். நான் பக்கத்தில் இல்லாமல் அவனுக்கு எப்படித் தூக்கம் வரும்?