பன்னிரண்டாவது வெடி

மச்சான்: ...பதினொரு மரியாதை வெடியும் முடிஞ்சுது. எல்லாரும் கழட்டின தொப்பியை மறுபடி தலையில வெச்சாச்சு. விருந்தாளியா வந்த பிரபு படகுலேருந்து ஒரு காலை எடுத்துக் கரையில வெக்கிறார். அப்பத்தான் மாப்பிள்ளை, உங்க பன்னெண்டாவது!

வெடிக்காரர்: விழுந்துட்டாரா?

மச்சான்: விழல. எங்க கான்சல் துரை மேல சாஞ்சுட்டார். துரை என் மேல சாஞ்சுட்டார். எனக்குச் சாய ஆள் இல்ல. தண்ணியில போய் விழுந்தேன்.

மனைவி: அதான் தோள்ல போட்ட டவாலி சொட்டச் சொட்ட இருக்கா? கழட்டிக் குடு அண்ணா, கொடியில போடறேன்.

வெடிக்காரர்: வேணாம்!

மச்சான்: ஏன் மாப்பிள்ளை, துணிக்கொடி மேல என்ன கோபம்?

வெடிக்காரர்: ஒண்ணும் இல்ல மச்சான். நீங்க மேல சொல்லுங்க.

மச்சான்: மேல என்னத்தைச் சொல்ல? வர்ற விருந்தாளிக்கு ஒத்தைப்படையில சுடணும். ரெட்டைப்படை செத்தவங்களுக்கு. இருபது வருஷமா பீரங்கி மேடையில நிக்கறவருக்கு கான்சல் ஆபீஸ் சேவகன் நான் சொல்லணுமா? பிரபு கரையில கால் வெச்சதும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "யார் போயிட்டாங்க?"

மனைவி: ஐயோ!

மச்சான்: எங்க துரை முகம் சுண்டிப் போச்சு. "யாரும் போகல பிரபு, எல்லாரும் சௌக்கியம்"னு கையைப் பிசையறார். அதுக்குள்ள எதிர்க் கட்டடத்துல இருக்கிற வேற நாட்டுக் கான்சல் வந்துட்டார். போன மாசம் அவங்க மந்திரிக்குப் பதினொண்ணுதானே சுட்டீங்க? "இவங்களுக்கு மட்டும் பன்னெண்டா? எங்க நாடு என்ன இளப்பமா?"ன்னு தாம் தூம்னு குதிக்கிறார்.

வெடிக்காரர்: ஒரு வெடிக்கு ரெண்டு கோபமா?

மச்சான்: ஒருத்தருக்குச் சாவு மரியாதை பண்ணிட்டீங்கன்னு கோபம். இன்னொருத்தருக்கு அது தனக்குக் கிடைக்கலைன்னு கோபம். ரெண்டு பேரும் சேர்ந்தே ஹார்பர் துரைகிட்ட போனாங்க. கீரியும் பாம்புமா இருந்தவங்க ஒண்ணா நடந்து போனதை இந்த ஊர் இன்னிக்குத்தான் பார்த்துச்சு. அந்தப் புண்ணியம் உங்களைத்தான் சேரும்.

மனைவி: விளையாடாத அண்ணா. ஹார்பர் துரை என்ன சொன்னார்?

மச்சான்: நாலு மணிக்குள்ள பதில் எழுதிக் குடுக்கணுமாம். ஏன் ஒண்ணு அதிகம்னு. பதில் சரியில்லைன்னா...

வெடிக்காரர்: சொல்லுங்க.

மச்சான்: வேலை போயிடும். இந்த சர்க்கார் வீட்டையும் காலி பண்ணணும். அதுக்கு முன்னால காதைப் பார்க்க டாக்டரை அனுப்பறாராம்.

வெடிக்காரர்: என் காதுக்கு என்ன கேடு?

மச்சான்: எனக்கென்ன தெரியும்? வாசல்ல நின்னு நாலு தடவை கூப்பிட்டேன், நீங்க திரும்பல.

மனைவி: அவர் தூங்கிட்டு இருந்தார்.

மச்சான்: கண்ணைத் திறந்துக்கிட்டா?

மனைவி: களைப்பு அண்ணா. பன்னெண்டு வெடின்னா சும்மாவா?

மச்சான்: தங்கச்சி, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறே. சரி, அதை அப்புறம் பார்த்துக்கறேன். நான் ஆபீஸுக்கு ஒரு எட்டு போய், குமாஸ்தாகிட்ட ஒரு நல்ல காகிதம் வாங்கிட்டு வரேன். அதுக்குள்ள என்ன எழுதறதுன்னு யோசிச்சு வைங்க. எண்ணிக்கை தப்பிடுச்சுன்னு மட்டும் எழுதாதீங்க மாப்பிள்ளை. வெடிக்காரனுக்கு எண்ணிக்கையும் தப்பினா அப்புறம் அவன்கிட்ட என்ன இருக்கு?

மனைவி: பார்த்துப் போ அண்ணா. ஈரச் செருப்பு வழுக்கும்.

வெடிக்காரர்: ...போயிட்டாரா?

மனைவி: செருப்பு படியில சளக் சளக்குனு போகுதே, கேக்கல?

வெடிக்காரர்: கேட்டா உன்னை எதுக்குக் கேக்கறேன்? முகத்துக்கு நேரா உரக்கப் பேசினாத்தான் எனக்குப் பிடிபடுது.

மனைவி: போயிட்டார்.

வெடிக்காரர்: எத்தனை துணி போட்டே?

மனைவி: பதினொண்ணு.

வெடிக்காரர்: பன்னெண்டு.

மனைவி: பதினொண்ணுதாங்க. கூடையில எண்ணி வெச்சதே பதினொண்ணு. ரெண்டு வருஷத்துல ஒரு தடவை தப்பியிருக்கேனா?

வெடிக்காரர்: தப்பினதில்ல. அதனாலதானே குன்று மேல நின்னுக்கிட்டு நம்ம கொல்லையையே பார்த்துட்டு இருக்கேன். நாலாவது வெடிக்கு மேல தலைக்குள்ள மணி அடிக்க ஆரம்பிச்சா, சுட்டது ஏழா எட்டான்னு எனக்கே தெரியறதில்ல. நீ ஒரு துணியை உதறிப் போட்டா நான் கையைக் காட்டறேன், ஒரு வெடி. இன்னொண்ணு போட்டா இன்னொரு வெடி. கூடையைக் கவுத்தா நிறுத்தறேன். இன்னிக்கு நீ கவுக்கல.

மனைவி: கவுத்தேனே...

வெடிக்காரர்: அப்புறமாக் கவுத்தே. பதினொண்ணாவதா என் காக்கிச் சட்டை. அது முடிஞ்சு கொஞ்ச நேரம் சும்மா நின்னே. அப்புறம் கூடைக்கு அடியில கையை விட்டு எடுத்தே. வெள்ளையா, சின்னதா ஒண்ணு. அதை உதறக்கூட இல்ல. மெதுவா விரிச்சுப் போட்டே. எனக்குக் கை தானா எழுந்துடுச்சு.

மனைவி: ...மருந்துப் பையா இருக்கும்.

வெடிக்காரர்: பீரங்கி மருந்து போடற பையை யாராவது துவைப்பாங்களா?

மனைவி: வாரத்துக்கு ஐம்பது பை தைக்கிறேன். ஒண்ணு அழுக்காகாதா? எண்ணெய் பட்டுடுச்சு, அலசிப் போட்டேன். போதுமா?

வெடிக்காரர்: போதும். கோவிச்சுக்காதே.

மனைவி: நானே போய் ஹார்பர் துரைகிட்ட சொல்லிடறேன். தப்பு என்னோடதுன்னு.

வெடிக்காரர்: எப்படிச் சொல்லுவே? "என் புருஷனுக்குக் காது போச்சு, கொல்லையில நின்னு நான்தான் பீரங்கி சுடறேன்"னா?

மனைவி: உண்மைதானே?

வெடிக்காரர்: உண்மைதான். ஆனா ரெண்டு வருஷமா இங்க வந்து இறங்கின மந்திரிக்கும் தளபதிக்கும் மரியாதை பண்ணினது உன் புடவையும் என் கிழிஞ்ச பனியனும்னு தெரிஞ்சா, நாலு நாட்டுலேருந்து சண்டைக் கப்பல் வந்துடும்.

மனைவி: இளவரசரை விட்டுட்டீங்களே. அவருக்கு இருபத்தொண்ணு. நம்ம வீட்டுல அத்தனை துணி ஏது? அண்ணி வீட்டு அழுக்கையும் கேட்டு வாங்கித் துவைச்சேன்.

வெடிக்காரர்: அன்னிக்கு உங்க அண்ணி, "நாத்தனார்னா இப்படி இருக்கணும்"னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தாங்க.

மனைவி: அடுத்த வாரமும் மூட்டை கட்டி அனுப்பினாங்க. அதைச் சொல்லுங்க.

வெடிக்காரர்: ...சிரிச்சிட்டே.

மனைவி: சிரிக்க வெக்கறீங்க. நாலு மணிக்கு என்ன பண்ணப் போறீங்க?

வெடிக்காரர்: எண்ணிக்கை தப்பிடுச்சுன்னே எழுதறேன். வேற என்ன?

மனைவி: இருபது வருஷமா எடுத்த பேரு...

வெடிக்காரர்: அதுல ரெண்டு வருஷம் நீ எடுத்துக் குடுத்தது. உன் தலையில பழியைப் போட்டுட்டு எனக்கு ஒரு பேரும் வேணாம்.

மனைவி: வீடு போயிடுமே. இப்பப் போய் வீடு போகக் கூடாதுங்க.

வெடிக்காரர்: இப்பன்னா?

மனைவி: ...மழை வரப் போகுது, அதைச் சொன்னேன்.

வெடிக்காரர்: போன வருஷம் கூரை ஒழுகினப்ப, "இதெல்லாம் ஒரு வீடா"ன்னே.

மனைவி: அது போன வருஷம்.

மச்சான்: மாப்பிள்ளை! மாப்பிள்ளை! அட, மாப்பிள்ளே!

மனைவி: உள்ள வா அண்ணா. எதுக்கு இப்படி மூச்சு வாங்க ஓடி வர்றே?

மச்சான்: காகிதம் வேணாம்! பதிலும் எழுத வேணாம்! பிரபு சிரிச்சுட்டார்!

வெடிக்காரர்: எதுக்கு?

மச்சான்: ரெண்டு கான்சலும் அவர் முன்னாலயே மூக்கு விடைக்கச் சண்டை போட்டாங்க. கேட்டுக்கிட்டே இருந்தவர், "நான் செத்தும் போகல, யாரும் கோவிச்சுக்கவும் வேணாம். அஞ்சு மணிக்கு இன்னொண்ணு சுடச் சொல்லுங்க. பதிமூணானா ஒத்தைப்படை ஆயிடும்"னுட்டார். பதிமூணுன்னா அவர் பதவிக்கு மேல்படி மரியாதையாம். வீட்டுக்காரம்மாவுக்கு இப்பவே கடிதாசி எழுத உக்காந்துட்டார்.

மனைவி: எதிர்க் கட்டடத்துக்காரர்?

மச்சான்: அடுத்த மந்திரிக்குப் பதிமூணுன்னு எழுதி வாங்கிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தார்.

வெடிக்காரர்: டாக்டர் வர்றாரா?

மச்சான்: பிரபுவுக்குக் கப்பல்லேருந்தே வயிறு சரியில்லையாம். டாக்டரை அங்கேயே பிடிச்சு வெச்சுக்கிட்டார். உங்க காது தப்பிச்சுது. ஆனா ஒண்ணு மாப்பிள்ளை, அஞ்சு மணி வெடி முடிஞ்சதும் பிரபு உங்களை நேர்ல பார்க்கணுமாம். ஒரே ஒரு கேள்விதானாம்.

வெடிக்காரர்: என்ன கேள்வி?

மச்சான்: "பதினொண்ணு எனக்கு. பதிமூணாவதும் எனக்கு. நடுவுல பன்னெண்டாவது யாருக்கு? என்கூட வந்து இறங்கின அந்தப் பெரிய மனுஷன் யாரு?" நல்ல பதிலா யோசிச்சுக்கங்க. நான் போய் வேற டவாலி கட்டிட்டு வரேன். தங்கச்சி, அந்தக் கூடையை ஏன் மடியில வெச்சுக் கட்டிப் பிடிச்சிட்டு இருக்கே? யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க!

மனைவி: நீ போ அண்ணா, நேரமாச்சு.

வெடிக்காரர்: ...செருப்பு?

மனைவி: போயிடுச்சு.

வெடிக்காரர்: அப்பாடா. ஒரே ஒரு வெடி. இதை நானே எண்ணிடுவேன்.

மனைவி: ஆமா, ஒண்ணு வரைக்கும் நல்லாவே எண்ணுவீங்க.

வெடிக்காரர்: ஆனாலும் நீ கொல்லையில நில்லு. உன் கையில துணி அசையாம எனக்குக் கை எழாது.

மனைவி: எதைப் போட? எல்லாம் காய்ஞ்சு மடிச்சாச்சு.

வெடிக்காரர்: அந்தச் சின்னதைப் போடு. கூடையில வெச்சுக் கட்டிப் பிடிச்சிட்டு இருக்கியே, அதை.

மனைவி: ...மருந்துப் பையை எத்தனை தடவை காயப் போடறது?

வெடிக்காரர்: மருந்துப் பைக்கு ஒரே ஒரு வாய்தான். இதுக்கு ரெண்டு பக்கமும் கை இருந்துச்சு. காத்து வந்தப்ப ரெண்டையும் தூக்கித் தூக்கி ஆட்டுச்சு. காதுதான் போச்சு எனக்கு. கண்ணு நல்லாத்தான் இருக்கு.

மனைவி: ...

வெடிக்காரர்: உதடு அசையுது, எனக்குக் கேக்கல. உரக்கச் சொல்லு.

மனைவி: உரக்கச் சொல்ற விஷயமா அது? கிட்ட வாங்க. நல்ல காதைக் குடுங்க.

வெடிக்காரர்: ரெண்டும் ஒரே லட்சணம்தான். சொல்லும்மா. அஞ்சு மணிக்கு பிரபு முன்னால நிக்கணும். பன்னெண்டாவது யாருக்குன்னு கேட்டா நான் என்னன்னு சொல்ல?

மனைவி: போன ரெண்டு தடவையும் அவசரப்பட்டுச் சொல்லி, அப்புறம் தங்காம, உங்க முகத்தைப் பார்க்க முடியாமப் போச்சு. அதான் இந்தத் தடவை வாயைத் திறக்கல. நேத்தோட நாலு மாசம் தாண்டிடுச்சுங்க. மருந்துப் பைத் துணியில மிச்சம் பிடிச்சு ஒரு சட்டை தைச்சேன். கூடைக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தேன். விரிச்சுப் பார்க்கணும்னு ஆசை தாங்கல, நீங்க மேலேருந்து பார்த்துட்டு இருக்கறதே மறந்து போச்சு... பிரபு கேட்டா, "கூட வந்தவர் இல்லைங்க. பின்னால வர்றவர். அவர் கரை இறங்க இன்னும் அஞ்சு மாசம் இருக்கு, நாங்கதான் அவசரப்பட்டுச் சுட்டுட்டோம்"னு சொல்லுங்க.