முள் அசையாத அரை மணி

கார் ஏசிக்கு கேஸ் ஏற்றுவது ஐந்து நிமிட வேலை. அதற்கு முன்னால் குழாய்களுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து உறிஞ்சி எடுப்பதுதான் நேரம் பிடிக்கும். பல பட்டறைகளில் பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். நான் அப்படிச் செய்ததில்லை, கண்ணுகளா. அரை மணி பம்பு ஓட வேண்டும். பிறகு அதை நிறுத்திவிட்டு, மீட்டர் முள் ஏறுகிறதா என்று இன்னும் அரை மணி பார்க்க வேண்டும். முள் அசையாவிட்டால் எங்கும் கசிவில்லை. வீட்டுக்காரர் போன பிறகு பட்டறையை நடத்துவது நான்தான். வேலையில் என்னை யாரும் குறை சொன்னதில்லை.

அந்த ஒரு மணி நேரம் வண்டிக்காரர்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். டீச்சரம்மா மட்டும்தான் என்னைப் பார்த்தார். சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போய்வருபவர். வெயில் பட்டால் தாங்காது. அவர் கணவர்தான் வண்டி ஓட்டுவார்.

"என்ன தங்கச்சி, உன் பம்பு இப்படிக் குறட்டை விடுது? எங்க வீட்டு மனுசனே தேவலாம் போல."

"நான் எங்க குறட்டை விட? இவ தூங்க விட்டாத்தானே?" என்றார் சார்.

நான் சிரித்தேன். சிரித்து எத்தனை மாதமாயிற்று என்று அப்போதுதான் யோசித்தேன்.

போகும்போது டீச்சரம்மா, "இனி அடுத்த கோடைக்குத்தான் வருவோம்" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் ஒரு வருஷம் என்பது நீளம். மூடி போடப் போனவள், கேஸ் ஏற்றும் வால்வைக் கால் சுற்று தளர்த்திவிட்டேன். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தையும் எடுத்துவிட்டேன்.

கேஸ் மெல்லக் கசிந்து, நாலாவது வாரம் வந்தார்கள். அதற்கப்புறம் மாதம் தவறவில்லை. காசுக்காக என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டாம் தடவையிலிருந்து நான் வாங்கவே இல்லை. "பழைய வண்டி, அப்படித்தான் சார்" என்பேன். நம்பினார்கள்.

ஒரு மத்தியானம் சார் போன் செய்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் லாரி கவிழ்ந்து, ஒரு மணி நேரமாக வண்டிகள் நகரவில்லையாம்.

"ஏசில வெறும் சூட்டுக் காத்துதாம்மா வருது. இவளுக்கு மயக்கமா இருக்குங்கறா. என்ன பண்ணட்டும்?"

"ஜன்னலை இறக்கி விடுங்க சார். நாளைக்குக் காலையில முதல் வண்டியா பார்த்துடலாம்" என்றேன்.

போனை வைத்துவிட்டுப் பட்டறையைப் பெருக்கினேன். டீச்சரம்மா உட்காரும் நாற்காலியைத் துடைத்தேன். அன்றைக்கு மனசு நிறைவாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. வண்டி நகர்வதற்குள் டீச்சரம்மா போய்விட்டார் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

காரியமெல்லாம் முடிந்து சார் தனியாக வந்தார்.

"வித்துடலாம்னு பார்க்கறேம்மா. கேஸ் ஏத்திக் குடு."

பம்பு ஓடியது. பம்பை நிறுத்தி மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் அழுதார்.

"அவளைக் கூடப்பிறந்தவ மாதிரி பார்த்துக்கிட்ட. மகன்கூட மாசம் ஒரு போனு. உன்கிட்ட வந்தாத்தான் அவ வாய் விட்டுச் சிரிப்பா."

"வண்டியை விக்காதீங்க சார். வெளியில போய் வர வேண்டாமா?" என்றேன்.

யோசித்துவிட்டுச் சரி என்றார். வால்வை முதலிலேயே இறுக்கியிருந்ததால் முள் அசையவில்லை. கேஸ் ஏற்றினேன். வால்வைத் தளர்த்தித்தான் அனுப்பினேன். பாவம், அந்த வீட்டில் அவருக்குப் பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள்.