கோர்ட்டு வாசல் இஞ்சிப் பச்சடி

சொதி வைக்கிற வீட்டில் இஞ்சிப் பச்சடி இல்லாமல் இலை போடக்கூடாது. சொதிக்கு ஊற்றுகிற தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தமாக உட்காரும். இஞ்சிதான் அதைக் கிளப்பி நகர்த்தும். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு போடும்போது, சொதியை விட்டுவிட்டுப் பச்சடியில்தான் குற்றம் கண்டுபிடிப்பார்கள். என் பச்சடியில் இதுவரை யாரும் குற்றம் கண்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு என் கைப்பக்குவத்தை யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

என் பெயர் ஆவுடையம்மாள். தென்காசியில் மாஜிஸ்டிரேட் கோர்ட்டுக்கு நேர் எதிரே சைவச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். கேஸ் ஜெயித்தவன், தோற்றவன், பொய்ச்சாட்சி சொல்ல வந்தவன், மெய்ச்சாட்சி சொல்ல வந்து மனசு மாறினவன், எல்லோரும் என் கடையில்தான் கை நனைக்க வேண்டும். சமைப்பது நான். காய்கறி வாங்கிப் போடுவது என் வீட்டுக்காரர். சீசன் காலத்தில் குற்றாலத்துப் பங்களாக்களுக்கும் அவர்தான் காய்கறி கொண்டுபோய்க் கொடுப்பார்.

இங்கிலீஷ் ராஜாவுக்கு வெள்ளிவிழாக் கொண்டாடின வருஷம், ஆனி மாதம், நல்ல சாரல். அப்படி ஒரு பங்களாவில் வந்து தங்கியிருந்த மிராசுதார் குடும்பம் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்த மத்தியானத்தில், அவர்களுடைய வெள்ளிக் கூஜா காணாமல் போய்விட்டது. என் வீட்டுக்காரர் கொல்லைப்பக்கமாகச் சாக்கோடு போனதைப் பார்த்தோம் என்று காவல்காரன் சொரிமுத்துவும் குதிரைவண்டிக்காரன் பேச்சிமுத்துவும் சொன்னார்கள். அவரைப் போலத் தலைப்பாகையும் தொந்தியும் உள்ள ஆள் சீசனில் தடுக்கி விழுந்தால் ஒருத்தன் கிடைப்பான். கூஜாவை யார் எடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் எடுக்கவில்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். இடுப்பில் சொருகின சாவியை வீடெல்லாம் தேடுகிற மனுஷனுக்குத் திருட வராது.

"அந்நேரம் எங்கன இருந்தீய?" என்று போலீஸ் வரும் முன்பே கேட்டேன். "எங்கனயோ நின்னேன்" என்றார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. கோர்ட்டுக்குப் பக்கத்துச் சப் ஜெயிலில் கொண்டுபோய் வைத்தார்கள். வேளாவேளைக்கு நான் சாப்பாடு கொண்டுபோனேன். யாருக்கு என்று வார்டர் கேட்டான். புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. கரிவலம்வந்தநல்லூர் சாமி பெயர் என்றேன். அவன் வடக்கத்தியான், விழித்தான். பின்னால் வந்த எங்கள் வக்கீல் சங்கரநாராயண பிள்ளைதான் "பால்வண்ணநாத பிள்ளைக்கு" என்று எடுத்துக்கொடுத்தார். புருஷனிடம் அந்த அளவுக்கு மரியாதை உள்ளவள் நான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வக்கீல் அவர் பங்குக்குச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். நான் என் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டாமா? என் தகப்பனார் செங்கோட்டையில் வைத்தியர். மலையில் கிடைக்கும் எந்த வேர் வயிற்றைக் கட்டும், எந்த விதை வயிற்றை இளக்கும் என்பதை நான் அரிச்சுவடிக்கு முன்பே படித்துவிட்டேன். முதல் வாய்தாவுக்கு வந்த சொரிமுத்து என் கடையில் சாப்பிட்டான். பச்சடியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக்கொண்டான். இஞ்சிக் காரத்தில் வேறு எந்த ருசியும் தெரியாது.

கோர்ட்டில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆள் இல்லை. ஏட்டு குத்தாலிங்கம் நெளிந்துகொண்டு நின்றார்.

"எசமான், சாட்சி வெளிய போயிருக்கான்."

"வெளியே என்றால் எங்கே?"

"தோப்புப் பக்கம், எசமான். இது நாலாந்தடவ."

வாய்தா தள்ளிப்போனது. அடுத்த வாய்தாவுக்குப் பேச்சிமுத்து தோப்புப் பக்கம் போனான். அதற்கடுத்த வாய்தாவுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். சொரிமுத்துவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிழைப்பானா என்று ஊர் பேசும்படி ஆகிவிட்டது. பிழைத்துவிட்டான். தொந்தி கரைந்து இப்போது முன்னைவிடப் பார்க்க லட்சணமாக இருக்கிறான். வருஷத்துக்கு இரண்டு தரம் பேதிக்குச் சாப்பிட்டு வயிற்றைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வைத்தியர்களே சொல்கிறார்கள். சோம்பல்பட்டு யாரும் செய்வதில்லை. நான் கூலி வாங்காமல் செய்துவைத்தேன்.

தென்காசியில் காலரா வந்துவிட்டதோ என்று மாஜிஸ்டிரேட்டுக்குப் பயம். சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து கோர்ட்டுக் கிணற்றில் மருந்துத் தூளைக் கொட்டினார். அந்தத் தண்ணீரைக் குடித்து வக்கீல்களுக்கெல்லாம் தொண்டை கட்டிக்கொண்டது. என் கடைக்கும் வந்து பார்த்தார், சாப்பிட்டார், இப்படிச் சுத்தமான கடையை ஜில்லாவிலேயே பார்த்ததில்லை என்றார். அவருக்கு நல்ல பச்சடிதான் வைத்தேன். அவர் எனக்கு என்ன கெடுதல் செய்தார்?

ஏட்டுக்கு மட்டும் ஏதோ தட்டியிருக்க வேண்டும். அடுத்த தடவை சாட்சிகளை ஸ்டேஷனிலேயே உட்காரவைத்து, தம் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து ஊற்றினார். இரண்டு பேரும் கூண்டேறி, கூஜாவின் மூக்கு சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது வரைக்கும் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு வைத்த ரசத்தில் உப்புப் போட மறந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் வக்கீல் சிரித்த முகத்தோடு வந்தார். உட்கார்ந்ததும் சிரிப்பைக் குறைத்துக்கொண்டார்.

"ஆச்சி, அண்ணாச்சி வாயத் தொறந்துட்டாரு. அன்னைக்கு மத்தியானம் குத்துக்கல்வலசையில வடிவம்மாள்னு ஒரு அம்மா வீட்ல இருந்திருக்காரு. அந்த அம்மா கூண்டுல ஏறிச் சொல்லிட்டா கேசு அத்தோட முடிஞ்சிது."

"எத்தன நாளா அங்கன போறாவ?" என்றேன்.

"தப்பா நெனச்சிராதீய. அது வயசான கைம்பொண்டாட்டி. வேற ஒண்ணும் கெடையாது. சாப்பிடத்தான் போயிருக்காரு."

"என்ன சாப்பிட?"

"உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல். ரெண்டு மூணு வருசமாப் போறாராம். நாக்கு கேக்குதுங்காரு."

வக்கீல் என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு மேலும் சொன்னார். "சாப்பாட்டுக் கட வச்சிருக்கவன் அடுத்த வீட்டுக்கு ஏன் சாப்பிட வந்தான்னு சர்க்கார் தரப்புல கேப்பாக. அதுக்கும் பதில் சொல்லிக் குடுத்துட்டேன். பொஞ்சாதி சமையல் அவருக்கு எறங்காதுன்னு அந்த அம்மா சொல்லும். அண்ணாச்சியே சொன்னதுதான். அப்பந்தான் நம்பும்படியா இருக்கும்."

வேறு எதுவாக இருந்தாலும் நான் பொறுத்திருப்பேன். ஆண்பிள்ளைக்கு மனசு தடுமாறும். தலையில் தண்ணீரை ஊற்றி வீட்டுக்குள் விட்டுக்கொள்ளலாம். ஆனால் என் கடைக்கு நேர் எதிரே, என் கையால் சாப்பிட்ட வக்கீல்களும் குமாஸ்தாக்களும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கையில், என் சமையல் இறங்காது என்று ஒருத்தி சத்தியம் பண்ணிச் சொல்வாள். மாஜிஸ்டிரேட் அதை நம்பித் தீர்ப்பும் சொல்வார். ஒளிக்காமல் சொல்கிறேன், அன்றைக்கு அழுதேன். ஆனாலும் அவர் வெளியே வர வேண்டும் என்றுதான் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டேன்.

வாய்தா அன்று வடிவம்மாள் வந்தாள். ஒல்லியான, சாதுவான பொம்பளை. கோர்ட்டு மரத்தடியில் பயந்து நின்றவளை நான்தான் கையைப் பிடித்துக் கடைக்குள் கூட்டிவந்தேன். சொதி வைத்திருந்தேன். பச்சடி இரண்டு கிண்ணத்தில் இருந்தது. இரண்டாவது கிண்ணம் ஓரமாகச் சும்மாதான் இருந்தது. அதை எடுக்கவேண்டும் என்று அதுவரை நான் முடிவு பண்ணவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவள் சொதிச் சோற்றில் ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு, நல்லது சொல்கிற முகத்தோடு, "அக்கா, கெட்டியான தலப்பால ஊத்துன பெறவு கொதிக்க விட்டுட்டியளோ? லேசாத் திரிஞ்சிருக்கு. ஊத்துன ஒடன எறக்கிரணும்" என்றாள்.

"அப்படியா, தெரியாமப் போச்சே" என்று சொல்லி, இரண்டாவது கிண்ணத்தை எடுத்து அவள் இலைக்குப் பரிமாறினேன். பச்சடி நன்றாக இருக்கிறது என்றாள். அதிலாவது அவளுக்கு நாக்கு இருந்தது.

கோர்ட்டு டவாலிச் சேவகன் "வடிவம்மாள்" என்று முறைப்படி மூன்று தரம் கூப்பிட்டான். அவள் தோப்பைத் தாண்டி எங்கேயோ இருந்தாள். வக்கீல் வேர்க்க விறுவிறுக்க ஓடித் தேடினார். இன்னும் ஒரு வாய்தா கேட்டுப் பார்த்தார். இந்த ஊர் வயிற்றை நம்பி இனிமேல் வாய்தா கொடுப்பதில்லை என்று மாஜிஸ்டிரேட் சொல்லிவிட்டார். ஆறு மாதம் கடுங்காவல். நான் வாய்விட்டு அழுதேன். பார்த்தவர்களெல்லாம் உத்தமி என்றார்கள்.

என் வீட்டுக்காரர் அழவில்லை. விலங்கு மாட்டும்போது வக்கீலைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். "வடிவம்மா எங்கன சாப்பிட்டா?"

"நம்ம ஆச்சி கடையிலதான், அண்ணாச்சி."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போலீஸ்காரனுக்கு முன்னால் நடந்தார். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணினவர். அவருக்குப் புரிந்திருக்கும். புரிந்தும் அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதிலிருந்து, அவருக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்பதை நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

போன வெள்ளிக்கிழமை பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போய்ப் பார்த்தேன். அதிரசம் கொண்டுபோனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இங்கன களி நல்லாருக்கு, ஆவுட. நீ ஒண்ணும் கொண்டார வேண்டாம்" என்றார். நான் அலையக் கூடாதே என்று அப்படிச் சொல்கிறார். கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியிருந்தது, அழுகையால்தான் இருக்கும்.

செய்ததெல்லாம் நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாம் அவருக்காகத்தான் செய்தேன், அந்தக் கடைசிக் கிண்ணம் உட்பட. பொஞ்சாதி சமையல் பிடிக்காமல் வீடு வீடாகப் போய்ச் சாப்பிட்டவன் என்ற பேச்சோடு அவர் வெளியே வந்து என்ன பிரயோஜனம்? கூஜாத் திருடன் என்றால் ஊர் நாளைக்கே மறந்துவிடும்.

வக்கீல் விடவில்லை. திருநெல்வேலி மேல்கோர்ட்டில் அப்பீல் போட்டிருக்கிறார். வடிவம்மாள் உடம்பு தேறி, நான் வந்து சொல்லுதேன் என்று பாவம் அவளாகவே சொல்லியனுப்பியிருக்கிறாள். அடுத்த வாரம் ரயிலில் போகிறாள். வழியில் கண்ட கடையில் சாப்பிட்டு மறுபடியும் வயிற்றுக்கு ஏதாவது வந்துவிட்டால் அவர் கதி என்ன ஆவது? அதனால், கட்டுச்சோறு நானே கட்டித் தருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.