குளிப்பாட்டிய பென் டிரைவ்

பென் டிரைவைச் சட்டைப் பையிலேயே மறந்து வாஷிங் மெஷினில் போட்டுவிட்டால் அது கெட்டுப்போய்விடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அவ்வளவு சீக்கிரம் கெடாது. நன்றாகக் காயவைத்துச் செருகினால் பெரும்பாலும் வேலை செய்யும். என் மனைவி ஒருமுறை என்னுடையதைத் துவைத்து, கிளிப் போட்டுக் கொடியிலும் மாட்டிவிட்டாள். உள்ளே இருந்த எங்கள் கல்யாண போட்டோக்கள் ஒன்றுகூடப் போகவில்லை. வைரஸ் இருந்திருந்தால் அதுவும் சௌக்கியமாக இருந்திருக்கும்.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதீர்கள் சார். விஷயமே பென் டிரைவைப் பற்றியதுதான்.

எங்கள் அலுவலகம் என்ன செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். கட்டியவனிடம் அடியும் உதையும் பட்டு, உயிருக்குப் பயந்து வெளியே வருகிற பெண்களுக்கு யாருக்கும் தெரியாத வீடு பார்த்துக் குடி வைக்கிறோம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், வழக்குக்கு வக்கீல் எல்லாம் ஏற்பாடு செய்கிறோம். ஆனால் எங்களிடம் இருக்கிற உண்மையான சொத்து ஒன்றுதான். எந்தப் பெண் எந்த வீட்டில் இருக்கிறாள் என்கிற கோப்பு. அது வெளியே போய்விட்டால் புது வீடும் புதுப் பூட்டும் இருந்து பயனில்லை. அந்தக் கோப்பைக் காப்பாற்றுவதுதான் என் வேலை. சும்மா சொல்லவில்லை, அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டேன்.

ஆபத்து எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்? எங்கேயோ கண்காணாத தேசத்தில் இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஆளிடமிருந்தா? இல்லை சார், தெருமுனை ஜெராக்ஸ் கடையிலிருந்து. அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் ஊரே வந்து பென் டிரைவைச் செருகும். கல்லூரிப் பையன், வக்கீல் குமாஸ்தா, ஜாதகம் அச்சடிக்க வருகிறவர், எல்லோரும். ஒருவருடைய வியாதி இன்னொருவருக்கு ஒட்டிக்கொண்டு நேராக நம் அலுவலகத்துக்கு நடந்து வரும்.

அதனால்தான் வாசலை ஒட்டிய என் அறையில் அந்தப் பழைய கம்ப்யூட்டரை வைத்தேன். அதற்கு நெட் கிடையாது. உள்ளே இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரோடும் ஒட்டு உறவு கிடையாது. வெளியிலிருந்து எந்தப் பென் டிரைவ் வந்தாலும் முதலில் அதில் செருக வேண்டும். அது உள்ளே துழாவிப் பார்க்கும். அழுக்கு இருந்தால் திரை சிவப்பாகும், ஒரு மணி அடிக்கும். சுத்தமாக இருந்தால் பச்சை. நாங்கள் அதைக் 'குளியல்' என்று சொல்லுவோம். "குளிச்சாச்சா?" என்று கேட்டால் எங்கள் அலுவலகத்தில் அது பென் டிரைவைப் பற்றிய கேள்வி. புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் அதைக் கேட்டு முகம் சிவந்து போனார். என்னைக் 'குளியல் சார்' என்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

குளிக்காமல் போகிறவர் ஒருவர்தான். ஆலோசகர் அக்கா. பெண்கள் வந்தால் முதலில் அவர் எதிரில்தான் உட்கார்ந்து அழுவார்கள். அவருக்கு எப்போதும் அவசரம். ஜெராக்ஸ் கடையில் மனுவை அச்சடித்துக்கொண்டு மூச்சிரைக்க வருவார். "தம்பி, இப்ப ஒரு பொண்ணு உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கு. உங்க மெஷின் குளிச்சி முடிக்கிறதுக்குள்ள அவ எழுந்து வீட்டுக்கே திரும்பிப் போயிடுவா" என்று சொல்லிக்கொண்டே என் அறையைத் தாண்டிவிடுவார். இயக்குநர் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அவங்க பாக்குற வேலைக்கு நாமதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்றார். இங்கே அனுசரித்துப் போவதற்கு என்ன இருக்கிறது? வைரஸ் யாரையாவது அனுசரிக்குமா?

சரி, சண்டை போட்டுப் பயனில்லை, புரியும்படி காட்டுவோம் என்று நினைத்தேன். இதில் தவறு ஒன்றும் இல்லை. பெரிய பெரிய அலுவலகங்களிலேயே இப்படிச் சோதனை வைப்பார்கள். ஒரு பென் டிரைவை வீட்டுச் சாவி ஒன்றோடு சேர்த்து வளையத்தில் கோத்து, டீ போடும் மேஜை மேல் விட்டுவிட்டேன். வேறு யாராக இருந்தாலும் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். அக்கா விடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். பஸ்ஸில் கண்டெடுத்த குடையை ஊர் முழுக்க விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுத்த ஆள் அவர். சாவியைத் தொலைத்துவிட்டு யாரோ வீட்டு வாசலில் நிற்கிறார்களே என்று அவர் மனம் அடித்துக்கொள்ளும். யாருடையது என்று பார்ப்பதற்காகவே செருகுவார்.

செருகினார். உள்ளே 'என் வீடு' என்ற ஒரே கோப்பு. திறந்ததும் திரை முழுக்க, "குளிக்காமல் உள்ளே வந்துவிட்டீர்கள்" என்று வந்தது. அவ்வளவுதான். பாவம், பதறிப்போய்ப் பென் டிரைவைப் பிடுங்கினார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லா மாட்டிவிட்டீங்க தம்பி" என்று முதுகில் தட்டினார். அலுவலகமே சிரித்தது. இயக்குநர் அம்மா எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். நானும் ஒன்று சாப்பிட்டேன்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. எத்தனை பெண்களின் உயிர் அந்தக் கோப்பில் இருக்கிறது. அது விளையாட்டாகப் போய்விட்டது. நெருப்பில்லாமல் தீயணைப்பு ஒத்திகை நடத்தினால் பப்ஸ்தான் மிஞ்சும் என்று எனக்கு அன்று புரிந்தது.

அதனால் இரண்டாவது தடவை நிஜமாகவே செய்தேன். குளியல் மெஷினில் பிடிபடும் வைரஸ்களை நான் அழிப்பதில்லை, தனியாக எடுத்து வைத்துக்கொள்வேன். வேலை தெரிந்தவனுக்கு அதில் ஒரு ஆசை. அவற்றில் ஒன்று, செருகிய கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்புகளை எடுத்து வெளியே ஒரு ஈமெயிலுக்கு அனுப்பிவிடும். அந்த ஈமெயிலை மட்டும் மாற்றி, நான் புதிதாகத் திறந்த ஒன்றைப் போட்டேன். அக்காவின் கம்ப்யூட்டரில் இருந்த பாதுகாப்பை அன்று காலையில் நிறுத்தி வைத்தேன். அந்தக் கோப்பை நான் என்றைக்கு வேண்டுமானாலும் எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்திருக்கலாம். ஆனால் அது திருட்டு. நான் திருடன் இல்லை. அது பென் டிரைவ் வழியாகப் போக வேண்டும், அப்போதுதான் பாடம்.

வேறொரு சாவி, வேறொரு வளையம். இந்த முறை கை கழுவும் இடத்தில் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என் அறைக்கு வந்தார். "தம்பி, இதுவும் உங்க வேலையா?"

"என் வேலையா இருந்தா எனக்குச் சிரிப்பு வந்திருக்குமேக்கா."

என் முகத்தை உற்றுப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அது உண்மை. "அப்ப யாரோ நிஜமாவே விட்டுட்டாங்க. குளிப்பாட்டிக் குடுங்க. அன்னைக்கு வாங்குன பாடம் போதும்பா எனக்கு. இப்பல்லாம் நான் குளிக்காம எதையும் தொடறதில்ல" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. முதல் சோதனைக்குப் பிறகு அவர் ஒரு தடவைகூட என் அறையைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் ஒருவர் திருந்திவிட்டால் போதுமா? நாளைக்கு வேறொருவர் வருவார். இயக்குநர் அம்மா மறுபடியும் அனுசரிக்கச் சொல்லுவார். அதோடு, நான் அவ்வளவு மெனக்கெட்டு எல்லாவற்றையும் தயார் செய்திருந்தேன். மணிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு செருகினேன். மெஷின் நொடியில் கண்டுபிடித்துவிட்டது. திரை சிவப்பாகிவிட்டது.

"சுத்தமா இருக்குக்கா" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தேன்.

அந்தக் கோப்பு என் ஈமெயிலுக்கு வந்து சேர்ந்தது. இங்கேதான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்வார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்பார்கள். நிறுத்தியிருந்தால் மறுபடியும் பப்ஸ்தான். கோப்பு வெளியே போனால் என்ன நடக்கும் என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டாமா? அதனால் ஒரே ஒரு வரியை அனுப்புவது என்று முடிவு செய்தேன். ஒரே ஒரு பெண்ணின் முகவரி, அவள் கணவருக்கு.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்று நன்றாக யோசித்தேன். மகளோடு எங்களிடம் வந்து சேர்ந்த ஒரு தையல்காரம்மாவின் கணவர் ஒருமுறை எங்கள் வாசலுக்கு வந்திருந்தார். மற்றவர்களைப் போலக் கத்தவில்லை. சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டு, தலை வாரி, மரியாதையாக நின்றார். "பொண்ண ஒரு தடவ தூரத்துல இருந்து பாத்துட்டுப் போயிடறேன் சார்" என்று என்னிடம் கேட்டார். எல்லோரையும் விட இவரால் ஆபத்து குறைவு என்று தோன்றியது. தெருவில் நின்று இரண்டு சத்தம் போடுவார், அக்கம்பக்கம் கூடும், நாங்கள் தையல்காரம்மாவை வேறு வீட்டுக்கு மாற்றுவோம், இயக்குநர் அம்மா இனி யாரையும் அனுசரிக்கச் சொல்ல மாட்டார். என் கணக்கு அதுதான்.

அவர் முன்பு என்னென்ன செய்தார் என்பது அதே கோப்பில் விவரமாக இருந்ததே, படிக்கவில்லையா என்று கேட்பீர்கள். படிக்கவில்லை சார். முகவரி இருந்த வரியை மட்டும்தான் பார்த்தேன். மற்றவை அந்தப் பெண்ணின் சொந்த விவரங்கள். அவற்றைப் படிக்க எனக்கு அனுமதி கிடையாது. இத்தனை வருஷத்தில் அந்த விதியை நான் ஒருமுறைகூட மீறியதில்லை.

அவர் கதவை உடைக்கவில்லை என்று உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. தட்டியிருக்கிறார். தையல்காரம்மா திறந்திருக்கிறார். இந்த வீடு யாருக்கும் தெரியாது என்று நாங்கள்தான் அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தோம். பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். மகள் அன்று வழியில் விளையாடிவிட்டுத் தாமதமாகத்தான் வந்தாள். அதுவும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

மறுநாள் காலையில் என் மனைவி செய்தியைப் படித்துவிட்டு, "உங்க ஆபீஸ் பொண்ணாங்க இது? ஐயோ, அம்மா இல்லாம அந்தக் குழந்தை என்ன பண்ணும்?" என்று அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. தையல்காரம்மாவை எனக்குத் தெரியும். முதல் நாள் அலுவலகத்துக்கு வந்து, வீடு தயாராகும் வரை என் அறையில் மகளோடு உட்கார்ந்திருந்தார். குளியல் மெஷின் மேல் தூசி படிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, டேப்கூட இல்லாமல் கை விரலாலேயே அளவெடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் நீலத் துணியில் ஒரு உறை தைத்து அக்காவிடம் கொடுத்து அனுப்பினார். பென் டிரைவ் செருகும் இடத்துக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன மடிப்பு, அதற்கு ஒரு பொத்தான். அச்சடித்த மாதிரி பொருந்தியது.

அதற்குப் பிறகு எல்லாம் நான் எதிர்பார்த்தபடிதான் நடந்தது. உள்ளே இருந்த கம்ப்யூட்டர்களின் பென் டிரைவ் துளைகளையெல்லாம் அடைத்துவிட்டார்கள். என் அறையைத் தாண்டி ஒரு ஈ காக்கைகூடப் போவதில்லை. விசாரணையில் அக்கா, "நான் குளிப்பாட்டித்தான் வாங்குனேன்" என்றார். நான், "என்கிட்ட வரவே இல்ல" என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "தம்பி பொய் சொல்ல மாட்டாரு. அவசரத்துல நான்தான் மறந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டார். உங்கள் ஆட்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது கைப்பையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நான்தான் ஓடிப்போய் வண்டியில் கொடுத்தேன்.

அந்த மட்டில் விஷயம் முடிந்திருக்கும். நானும் இங்கே வந்திருக்க மாட்டேன். ஆனால் நேற்று உங்கள் நிபுணரின் அறிக்கையை வாசித்துக் காட்டினார்கள். அந்தப் பென் டிரைவ் குளியல் மெஷினில் செருகப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். கெட்டிக்காரர். ஆனால் அதற்கு அடுத்த வரியில், "சோதனைக் கம்ப்யூட்டர் வைரஸைக் கண்டறியத் தவறிவிட்டது" என்று எழுதியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

அது தவறவில்லை சார். சிவப்பாகத்தான் காட்டியது. அந்தப் பதிவை அழித்தது நான். வைரஸை வைத்ததும் நான், முகவரியை அனுப்பியதும் நான். அக்காவுக்கு எதுவும் தெரியாது, அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மெஷினை உங்கள் ஆட்கள் உறை இல்லாமலே தூக்கி வந்து ஜன்னல் ஓரமாக வைத்திருக்கிறார்கள், வரும்போது பார்த்தேன். உறை என் மேஜை இழுப்பறையில் மடித்து வைத்திருக்கிறது. யாரையாவது விட்டு எடுத்துவந்து போடச் சொல்லுங்கள், தூசி ஆகாது.

என் வாசல் வழியாக இதுவரை எதுவும் நழுவிப் போனதில்லை. இதுவும் நழுவவில்லை, நான் கையில் எடுத்துக் கொடுத்தேன். அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள் சார். மற்றபடி உங்கள் அறிக்கையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.