பாதியில் நின்ற ஊசி

— வராந்தாவுல மூட்டையோட நிக்கறீங்க. எங்க கெளம்பிட்டீங்க, ஆறுச்சாமி?

— ஊட்டுக்குத்தானுங்க, டாக்டரம்மா. வெள்ளகோவில் பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. இருமல் நின்னுபோச்சு, ரத்தமும் வாரதில்லீங்க. கோமளா டாக்டரம்மா கைராசின்னு ஊரு பூராவும் சொல்லுவனுங்க.

— கைராசி இல்லீங்க, மருந்து. காசநோய் இன்னும் நெஞ்சுக்குள்ளதான் இருக்குது. ஊசியும் மாத்திரையும் வருசம் முழுக்கப் போட்டாகணும்.

— காட்டுல மழை பேஞ்சிருக்குதுங்கம்மா. எங்கூட்டுக்காரி சென்னியம்மா ஒத்தையில ஏர் ஓட்டறாளாமுங்க. பொம்பள ஏர் புடிச்சா ஊரு என்ன பேசும்? சோளம் வெதச்சுபோட்டு, மறுக்கா இருமுனா ஓடியாறனுங்க. இதே ஊசியப் போடுங்க.

— அப்ப இந்த ஊசி கேக்காதுங்க.

— இப்பக் கேட்டுச்சுல்லீங்க?

— நோஞ்சான் கிருமிதான் மொதல்ல சாகும். ஊசியத் தாங்கறது மிஞ்சும். பாதியில நிறுத்துனா அதுதான் பெருகும். அப்புறம் இந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஒன்னுதான், பச்சைத் தண்ணியும் ஒன்னுதான்.

— செத்தா நாந்தானுங்களே சாவேன்?

— நீங்க மட்டும் இல்லீங்க. நீங்க இருமுனா, சென்னியம்மாளுக்கும் அந்தக் கிருமிதான் போகும். இந்த ஆஸ்பத்திரியிலயே ஒருத்தருக்கு அப்படி வந்திருக்குது. இந்த மருந்து எதுவும் அவங்க உடம்புல போனதே இல்லை. ஆனாலும் சளியச் சோதிச்சா, ஊசிக்கு அசையாத கிருமி.

— போடாத ஊசிக்கு அது எப்படீங்க பழகும்?

— இன்னொருத்தர் உடம்புல பழகிட்டு வந்தது. பாதியில ஊட்டுக்குப் போனவர் ஆரோ.

— ஆருங்க அந்தப் பாவி?

— தெரியலைங்க. பாவியா இருக்கமாட்டார். அவர் காட்டுலயும் மழை பேஞ்சிருக்கும்.

— அவுங்களுக்கு வேற மருந்து இல்லீங்களா?

— ஒன்னு ரெண்டு இருக்குது. அதுவும் கேக்கலைன்னா, நுரையீரல்ல ஒரு பாகத்தை அறுத்தெடுக்கணும். பொழைக்கலாம்.

— சரீங்க. மூட்டைய அவுத்துபோடறேன். சென்னியம்மாளே வெதைக்கட்டும், ஊரு பேசுனாப் பேசிட்டுப் போகுது. ஆனா ஒன்னுங்கம்மா, அந்த நர்சம்மா போட்டா நோவு எச்சுங்க. நாளைக்கும் நீங்களே வந்து போடோணும்.

— நாளையிலிருந்து வேற டாக்டர் வருவாருங்க. எனக்குப் பொம்பளைங்க வார்டுல கட்டில் போட்டாச்சு.