எக்ஸ்ரேயில விழாத நோ

இல்லையண்ணை, அந்தக் கதிரை வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதில இருங்கோ. மெல்ல... கையை ஊண்டாதேங்கோ, மணிக்கட்டில உயிர் போகும். எனக்குத் தெரியும்தானே. என்ர மனிசி கமலாசனியோட எத்தினை வருசம் கிடந்து பாத்தனான், எது எங்க நோகும் எண்டு எனக்குப் பாடம்.

விடியத்தான் கூடவோ? ஓம், அப்பிடித்தான். எழும்பி ஒரு மணித்தியாலத்துக்கு விரல் மடங்காது. அவாவால கோப்பை பிடிக்கேலாது, நான்தான் பிடிச்சுப் பருக்குவன். உங்களுக்கு மச்சாள் பருக்குறாவோ? இல்லையோ? சரி சரி.

எக்ஸ்ரேயைத் தாங்கோ, வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாப்பம். ம்... துப்புரவா இருக்கு. எங்கட சனத்துக்கு நோ எண்டால் சண்டையில வெடிச்ச செல் துண்டு உள்ளுக்கை இருக்கோணும் அண்ணை. என்ர தோளில கிடக்கிறமாதிரி, வெள்ளையாப் பொட்டுப் பொட்டா. அதைக் காட்டினால் ஒருத்தரும் மறுகதை கதைக்கமாட்டினம். படம் துப்புரவெண்டால் ஆள் கள்ளன்.

ஓம், உங்கட கதைதான். நீங்கள்தானே முதல் சொன்னனீங்கள். நெல்லு அருவி வெட்டு நேரம், அவா வயலுக்கு வரேல்லை. அவ்வளவு சண்டைக்குள்ளாலயும் ஒரு கீறல் படாமல் வந்தவளுக்கு என்ன நோ, வேலைக்கள்ளி எண்டனீங்கள். நான் தம்பியாப் பிறந்த குற்றத்துக்கு வாயை மூடிக்கொண்டு நிண்டனான்.

அதோட விட்டனீங்களோ? பிள்ளையார் கோயிலடியில, சனத்துக்கு முன்னால, கற்பூரத்தைக் கொளுத்தி வைச்சு, மெய்யா நோகுதெண்டால் அடிச்சுச் சத்தியம் பண்ணு எண்டனீங்கள். களவு போனால் பண்ணுவிக்கிற சத்தியம் அது. வருத்தக்காரிக்கு ஆரும் செய்து நான் கேள்விப்படேல்லை. அவா நிமிராத கையாலதான் அடிச்சவா. நெருப்பு உள்ளங்கையில ஒட்டிக்கொண்டுது, உதற ஏலாமல் கத்தினவா. நீங்கள் என்ன சொன்னனீங்கள்? பார், சூடு தெரியுதெல்லோ, அப்ப கை நல்லாத்தான் இருக்கெண்டனீங்கள். சனம் சிரிச்சுது.

அழாதேங்கோ. சொல்லி முடிக்க விடுங்கோ.

அண்டையில இருந்து அவா ஒருத்தருக்கும் முகம் குடுக்கேல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடப்பா. சாப்பாடு வேண்டாம், குளிப்பு வேண்டாம். சிலபேர் பேய் எண்டிச்சினம், சிலபேர் கொழுப்பு எண்டிச்சினம். கடைசியா வவுனியாவில ஒரு டொக்டர் பிள்ளை, தேனுகா எண்டு பேர், இரத்தம் எடுத்துப் பாத்திட்டு எனக்கு விளங்கப்படுத்தினவா. ஐயா, காய்ச்சல் வந்தால் உடம்பு உளையும், பசிக்காது, ஆரையும் பாக்கப் பிடிக்காது, என்ன? அதெல்லாம் கிருமி மட்டும் செய்யிறேல்லை. கிருமியோட அடிபடுற உங்கட எதிர்ப்புச் சக்தியும் சேந்துதான் செய்யுது. காய்ச்சல் விட்டால் அது அடங்கோணும். அம்மாவுக்கு அடங்கேல்லை. எதிரி இல்லாத இடத்தில நிண்டு சொந்த மூட்டுகளையே அடிக்குது. அது சுரக்கிற சாமானுகள் மூளைவரைக்கும் போய் மனசையும் இருட்டாக்குது எண்டா. மனவருத்தம் எல்லாம் இதாலதான் வாறதெண்டு இல்லையாம், இவாவுக்கு இப்பிடியாம். தொடக்கத்தில எக்ஸ்ரேயில ஒண்டும் விழாதாம். கேட்டுக்கொண்டிருந்த நான் ஆசுபத்திரி வாங்கில இருந்தபடியே குழறி அழுதனான்.

மருந்தும் தந்தவா. கமலாசனி குடிக்கேல்லை. சாமிக்கு முன்னால சொல்லியும் நம்பாத சனத்துக்கு நான் சுகமாகி என்னத்தைக் காட்டுறது எண்டு கேட்டா. அடுத்த மாரியில நெஞ்சில சளி கட்டினது. தாங்கிறதுக்கு உடம்பில ஒண்டும் மிச்சமில்லை. செத்தவீட்டுக்கு நீங்கள்தான் பந்தல் போட்டனீங்கள். நல்ல பந்தல், குறை சொல்லேலாது.

இப்ப உங்கட மூத்தவன் நிரோஜன் உங்களை நம்பிறானில்லை, என்ன? அப்பருக்குச் சோம்பல் எண்டுறானாம். நான் வந்து அவனுக்கு எடுத்துச் சொல்லோணும், அவன் உங்களை அந்த டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போகோணும். அதுக்குத்தானே இந்தக் காலோட இவ்வளவு தூரம் நடந்து வந்தனீங்கள். ஓம், என்ர சொல்லை அவன் கேப்பான். இந்த வருத்தத்தை என்னைவிடத் தெரிஞ்ச ஆக்கள் ஊரில ஆர் இருக்கினம்?

தேத்தண்ணியைக் குடியுங்கோ. ரெண்டு கையாலயும் பிடியுங்கோ.

நிரோஜன் காலமை இங்க வந்தவனண்ணை. ஓம், உங்களுக்குச் சொல்லாமல்தான். மோட்டச்சைக்கிளால இறங்கேல்லை, அதில இருந்தபடியே கேட்டவன். சித்தப்பா, எக்ஸ்ரேயில ஒண்டுமில்லாமல் மனிசருக்கு இப்பிடி நோகுமோ, செவ்வாய்க்கிழமை அப்பாவை வவுனியாவுக்குக் கொண்டுபோகட்டோ, வாடகை வானுக்கும் சொல்லி வைச்சிருக்கிறன் எண்டான். பெடியன் நல்லாப் பயந்துபோய்த்தான் இருந்தவன்.

வானை வேண்டாமெண்டு சொல்லு, கொப்பருக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லி அனுப்பிப்போட்டன்.