சத்தம் மட்டும் வரும் பெட்டி

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து திருவரங்கம் செல்லும் பேருந்தில் பாசுரம் ஒன்றை வாய்க்குள் அனுசந்தித்துக்கொண்டிருந்தேன். முன்னிருக்கைப் பெண்மணியின் சொல் கேட்டு அது பாதியில் நின்றது.

"கல்ஃப்ல எங்க வீட்டுக்காரர் இருக்கிற ஊர் சேனல்ல சைரன் சத்தம் மட்டும் வருதுண்ணே. படமே வரல."

அருகில் நின்ற டிஷ் மெக்கானிக், "உங்க ரிசீவர் பழசுங்க. சேனல் எச்.டி.க்கு மாறியிருக்கும்" என்றார். "எட்டடி டிஷ்ஷுக்கு ஒரு குறையும் இல்ல. பாக்ஸ மட்டும் மாத்துங்க. ரெகார்ட் பண்றதா வாங்கினா, தூங்குறப்ப ஓடுறதையும் காலையில பார்க்கலாம்."

"யாருண்ணே தூங்குறா? அங்க குண்டு விழுதுங்கறாங்க. அவர் போன் எடுத்து மூணு நாளாச்சு."

"துறைமுகத்துலதானே வேலை?"

"ஆமா. கடலோரமா ரெண்டு மஞ்சள் கிரேன் நிக்கும். அதுல ஒண்ணத்தான் அவர் ஓட்டுறார். சேனல்ல துறைமுகத்தையேதான் காட்டுறாங்களாம்."

"அப்ப சாதா எச்.டி. பாக்ஸே போதும். சாயங்காலம் வந்து மாட்டிடறேன்."

பேருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தது. அப்பெண்மணி குரல் தாழ்த்திச் சொன்னார்:

"படம் வந்ததும் முதல்ல நீங்க பாருங்கண்ணே. ரெண்டு கிரேனும் நின்னா என்னைக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் நான் வாசல்லயே நிக்கறேன்."